தோற்பது டீம், வீட்டுக்குப் போவது ஒருவர்

‘தி அப்ரண்டிஸ்’ ஒரு டிவி போட்டி. போட்டியாளர்கள் டீம்களாகப் பிரிந்து வியாபார டாஸ்க்குகளில் மோதுவார்கள், தோற்ற டீமிலிருந்து வழக்கமாக ஒருவரை நடுவர் வீட்டுக்கு அனுப்புவார். பிரிட்டனில் நடுவர் தொழிலதிபர் ஆலன் சுகர், அமெரிக்காவில் அப்போது டொனால்ட் டிரம்ப். இரண்டு பதிப்புகளையும் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

கேள்வி: ஓடியாடி வேலை செய்தவர் மாட்டிக்கொள்கிறார், சும்மா நின்றவர் தப்பிக்கிறார். இது என்ன நியாயம்?

பதில்: கோளாறு விதியிலேயே இருக்கிறது. பிரிட்டன் பதிப்பில் தோற்ற டீம் முழுவதும் முதலில் ஆலன் சுகர் முன்னால் உட்காரும். அதன்பின் அந்த வாரத்து டீம் தலைவரான புராஜெக்ட் மேனேஜர், வழக்கமாக இரண்டு பேரைத் தன்னோடு மீண்டும் விசாரணை நடக்கும் போர்டு ரூமுக்குக் கூட்டிவர வேண்டும். மற்றவர்கள் அன்றைக்குப் பிழைத்துவிடுவார்கள். அதாவது, சுகர் வாயைத் திறப்பதற்குள் பாதித் தீர்ப்பை எழுதுபவர், தானே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மேனேஜர்தான்.

அவர் யாரைப் பிடிப்பார்? விலையை நிர்ணயித்தவர், வாங்குபவரிடம் பேசிச் சொதப்பியவர் என்று ஏதாவது ஒரு முடிவோடு பெயர் ஒட்டியிருக்கும் ஆளைத்தான். எதிலும் கை வைக்காதவர் மீது சொல்ல ஒரு குற்றமும் கிடைக்காது. ஆள் நிறைய இருக்கும் ஆரம்ப வாரங்களில் இந்த ஒளிவு பலிக்கும். டீம் மூன்று நான்கு பேராகச் சுருங்கியதும் பலிக்காது.

இன்னொன்று, பல தோல்விகளுக்குத் தனி ஆள் காரணமே இல்லை. டீமை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு ஊர்ப்பக்கம் அனுப்புகிறார்கள். நடுவில் போன் மட்டும்தான். சந்தை நிலவரம் கேட்கப் போனவர்கள் தகவல் சொல்வதற்குள் பொருளின் வடிவம் முடிவாகியிருக்கும். ஒன்றைத் தயாரிக்க எவ்வளவு ஆனது என்று விற்பவர்களுக்குத் தெரியாது. மாலையில் கூட்டம் குறைந்ததும் அடக்க விலைக்குக் கீழே தள்ளிவிட்டு, ‘எல்லாம் தீர்ந்தது’ என்று கைதட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் கணக்குப் பார்ப்பது லாபத்தை. ‘இதற்குக் கீழே விற்காதே’ என்று காலையிலேயே ஓர் எண்ணைச் சொல்லாத மேனேஜர்தான் அங்கே முதல் குற்றவாளி.

கேள்வி: ஆண்கள் ஒரு டீம், பெண்கள் ஒரு டீம் என்று பிரிப்பது சரியா?

பதில்: டிவிக்குச் சரி, போட்டிக்குச் சரியில்லை. 2004இல் வந்த அமெரிக்க முதல் சீசனில் 8 ஆண்கள், 8 பெண்கள். முதல் டாஸ்க், 250 டாலர் முதலோடு நியூயார்க் தெருவில் எலுமிச்சை ஜூஸ் விற்பது. ஆண்கள் மீன் சந்தைப் பக்கம் கடை விரித்தார்கள். அந்த வாடையில் யார் ஜூஸ் குடிப்பார்? முதல் நான்கு டாஸ்க்கும் பெண்களுக்கே, வெளியேறிய நால்வரும் ஆண்கள். கவர்ச்சியை வைத்து விற்பது எல்லை மீறுகிறது என்று டொனால்ட் டிரம்ப் பெண்களைக் கண்டித்துவிட்டு டீம்களைக் கலைத்துப் போட்டார். அடுத்து வரிசையாக வெளியேறிய ஏழு பேரும் பெண்கள்! இறுதிச் சுற்றில் மோதியது இரண்டு ஆண்கள். சேர்ந்தே ஜெயித்த வரைக்கும் அந்தப் பெண்களில் யார் திறமைசாலி என்பதே சோதிக்கப்படவில்லை. கலைத்த பிறகு ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்களே போர்டு ரூமில் காட்டிக்கொடுத்தார்கள்.

கேள்வி: டீமில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் கேப்டன் பேசாமல் இருந்தால்?

பதில்: அதே சீசனின் இறுதியில் நடந்தது இதுதான். இறுதிக்கு வந்த இருவரில் ஒருவரான குவாமே ஜாக்சன் அட்லாண்டிக் சிட்டியில் பாடகி ஜெசிகா சிம்ப்சனின் கச்சேரியை நடத்த வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் முன்பே வெளியேறிய போட்டியாளர்கள். அவர்களில், பாடகி தொடர்பான பொறுப்பில் இருந்த ஓமரோசா குவாமேயிடம் பொய் சொன்னது கேமராவில் பதிவானது. ஏன் அவரை நீக்கவில்லை என்று டிரம்ப் கேட்டபோதுதான், நீக்க முடியும் என்பதே குவாமேக்குத் தெரிந்தது. வெற்றி மற்றவரான பில் ரான்சிக்குக்குப் போனது. நீக்காவிட்டாலும், பாடகி தொடர்பான பொறுப்பைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுக்க யாரைக் கேட்க வேண்டும்? குவாமே மேல் பரிதாபம் வருகிறது, ஆனால் தீர்ப்பு தப்பில்லை.

கேள்வி: நிறையத் தோற்றவர் பட்டம் வெல்வது மோசடி இல்லையா?

பதில்: டாம் பெல்லெரோவைத்தானே சொல்கிறீர்கள்? பிரிட்டன் பதிப்பில் 2011இல் 11 டாஸ்க்கில் 8 தோற்று வென்றார். அந்த ஆண்டுதான் பிரிட்டனில் பரிசு மாறியது. அதற்கு முன் ஜெயித்தவருக்கு சுகரிடம் வேலை. இப்போது 2,50,000 பவுண்ட் முதலீடு, தொழிலில் பாதி சுகருக்கு. பங்காளி தேடுபவர் தெருவில் யார் அதிகம் விற்றார் என்று பார்க்கமாட்டார். பரிசை மாற்றியவர்கள் டாஸ்க்கை மாற்றவில்லை, குழப்பம் அங்கேதான்.

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில் இப்படி ஒரு போட்டி வைக்கிறோம். நியாயமாக நடத்துவது எப்படி?

பதில்: டீமுக்கு 6 பேர், குலுக்கல் முறையில். ஒரே வகுப்பு நண்பர்களைச் சேர்ந்து நிற்க விடாதீர்கள். எல்லா டீமுக்கும் முதலீடு 2,000 ரூபாய். சொந்தப் பணம் ஒரு ரூபாய்கூடக் கூடாது. செலவுக்கெல்லாம் பில். மிஞ்சிய சரக்கின் மதிப்பு பூஜ்யம், இல்லையென்றால் ‘ஸ்டாக் இருக்கிறது’ என்று லாபம் காட்டுவார்கள். உறவினருக்கு விற்பது செல்லாது. 10 ரூபாய் சுண்டலை 500 ரூபாய்க்கு வாங்க ஒரு மாமா எப்படியும் வருவார்.

தொடங்குமுன் விலை, கொள்முதல், இடம், கணக்கு ஒவ்வொன்றும் யார் முடிவு என்று ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முடிந்ததும் ஒவ்வொருவரும் 100 புள்ளிகளை மற்ற ஐவருக்கும் ரகசியமாகப் பிரித்துக் கொடுக்கட்டும். தனக்குத் தானே போட முடியாது, ஒருவருக்கு 40க்கு மேல் தர முடியாது. ஆறு பேரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 100 வரும். 60க்குக் கீழே வாங்கியவர் யாராக இருந்தாலும், அந்தத் தாளையும் புள்ளிகளையும் எதிரில் வைத்து நடுவர் விசாரிக்கட்டும். கேப்டன் கை காட்டும் ஆளை மட்டும் விசாரிக்கும் வழக்கம் வேண்டாம்.