'போட்' என்றதும் கப்பல் பெயர் கேட்டாரா?

கேள்வி: பாரிமுனையில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டாக்குமென்டேஷன் பார்க்கிறேன். சீனாவில் நிங்போ ஏஜென்ட் ஆபீஸ் பெண்ணோடு தினமும் மெயில் உண்டு. பழகியதில் ஆங்கிலம் சொல்லித்தரக் கேட்டார். சாயங்காலம் ஆறரைக்கு, அங்கே அப்போது இரவு ஒன்பது, அரை மணி நேரம் பேசுகிறோம். போன வாரம் கன்டெய்னர் தாமதமாகி ரெண்டு பக்கமும் திட்டு வாங்கியபோது 'வி ஆர் இன் தி சேம் போட்', அதாவது ரெண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்தான், என்று எழுதினேன். கப்பல் பெயர், வாயேஜ் நம்பர் கேட்டுப் பதில் வந்தது! 100 மரபுத்தொடர் உள்ள பட்டியலை அனுப்பி மனப்பாடம் செய்யச் சொல்லட்டுமா?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பட்டியல் வேண்டவே வேண்டாம். அவர் மேல் தப்பும் இல்லை, கப்பல் ஆபீசில் போட் என்றால் கப்பல்தானே. ஆனால் அதே படகு அவர் மொழியிலேயே இருக்கிறது: 'தோங் ஜோவ் கோங் ஜி', ஒரே படகில் ஒன்றாகக் கரை சேர்வது. ஊ நாட்டாருக்கும் யுவே நாட்டாருக்கும் ஆகவே ஆகாது, ஆனாலும் ஒரே படகில் போகும்போது காற்றடித்தால் இடது கையும் வலது கையும் மாதிரி உதவிக்கொள்வார்கள் என்று பழைய சீனப் போர் நூல் சொல்கிறது. யுவேயின் தலைநகர் இருந்தது இன்றைய ஷாவோசிங் பக்கம், அது நிங்போவுக்கு அடுத்த ஊர். நாளைக்கு இதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

புதுத் தொடரைச் சொல்லும் முன்னால் 'உங்க ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்' என்று கேட்டுவிடுங்கள். ரொம்பச் சுலபம் என்று அர்த்தம் தரும் 'பீஸ் ஆஃப் கேக்' என்பதற்கு அவர்கள் சொல்வது 'ஒரு சின்னத் தட்டுத் தொடுகறி'. நம் கிணற்றுத் தவளை அப்படியே அங்கேயும் இருக்கிறது. படம் மனசில் விழுந்துவிட்டால் தொடர் தானாக ஒட்டிக்கொள்ளும். காத்தாடி விட்டு வளர்ந்த நம் ஏரியாப் பையனுக்கு 'டீல்ல விட்டுட்டான்' என்பதற்கு யாராவது அர்த்தம் சொல்லவேண்டுமா?

அவருக்கு நிஜமாகவே சிரமம் தரும் இடம் வேறு, நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. சீனத்தில் 'செங்யூ' என்று ஒரு வகைத் தொடர், பெரும்பாலும் நாலே எழுத்து, கல்வெட்டு மாதிரி, வரிசை மாறாது. போதாததற்கு அந்த மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதும் இல்லை. அதனால் 'பைட் தி புல்லட்' (கஷ்டத்தைப் பல்லைக் கடித்துத் தாங்குவது) என்று படித்தால் நேற்று நடந்ததற்கும் 'பைட்' என்றே எழுதுவார், 'பிட்' என்று மாற்றத் தோன்றாது. நாம் கை கழுவினான், கை கழுவுவான் என்று பிறந்ததிலிருந்து மாற்றிப் பழகியவர்கள், நமக்கு இது பாடமாகவே படாது. எந்தத் தொடரைச் சொல்லிக்கொடுத்தாலும் நேற்று, இன்று, நாளை என்று மூன்று வாக்கியம் எழுத வையுங்கள்.

இன்னொன்று, செங்யூ எழுதினால் படித்தவர் என்று மதிப்பு. அதே நினைப்பில் ஆங்கிலத் தொடர்களையும் கஸ்டமருக்குப் போகும் மெயிலில் அடுக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் பல தொடர்கள் டீக்கடைப் பேச்சு, எது எங்கே போகலாம் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள்.

அப்புறம், பூனையும் நாயுமாக மழை கொட்டும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' மாதிரித் தொடர்களைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கலாம். அவருக்குத் தினமும் தேவைப்படுவது 'லுக் இன்டு' (என்னவென்று பார்ப்பது), 'ஹெல்ட் அப்' (தாமதமாகி நிற்பது), 'ரன் அவுட் ஆஃப்' (தீர்ந்துபோவது) மாதிரி சின்னச் சின்ன ஜோடிகள். சீனர்கள் இவற்றைத் தவிர்த்து ஒற்றைச் சொல்லாகத் தேடுவார்கள், 'இன்வெஸ்டிகேட்' என்று எழுதி போலீஸ் விசாரணை போல ஆக்கிவிடுவார்கள். 'தி பாக்ஸ் இஸ் ஹெல்ட் அப் அட் கஸ்டம்ஸ், ஐ வில் லுக் இன்டு இட்' – இந்த ஒரு வரி சரளமாக வந்தால் உங்கள் ரெண்டு பேர் வேலையும் பாதி குறையும்.

கேள்வி: ஆன்லைன் கேமில் என் மகனுக்கு ஹாங்காங் பையன் ஒருவன் 'ஆட் ஆயில்' என்று எழுதுகிறான். என்ன எண்ணெய்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: 'ஜியாயோ' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு, எண்ணெய் ஊற்று என்று அர்த்தம். விடாதே, அடிச்சு ஆடு என்று உற்சாகப்படுத்துகிறான். தப்பான ஆங்கிலம் என்று திருத்தச் சொல்லாதீர்கள், ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே 2018-ல் அதைச் சேர்த்துக்கொண்டது.