பொருளுக்குள் பொருள்

ஐயா, "பழைய சாமானுக்குக் கதை எழுதச் சொல்கிறார்கள், இதற்கா இவ்வளவு கட்டணம்?" என்று கேட்டிருந்தீர்கள். பொருள் என்றால் சாமான், அர்த்தம், செல்வம் மூன்றும்தான். உங்கள் கவலை மூன்றாவதைப் பற்றி. வடிவமைப்பு படிக்கும் உங்கள் மகள் முதல் இரண்டில் நிற்கிறாள். கல்லூரி கொடுத்த அந்தக் கதை எழுதும் பயிற்சியை மட்டும் குறை சொல்லாதீர்கள்.

ஒரு தோல்சீவியை எடுத்துக்கொள்ளுங்கள். சாம் ஃபார்பர் என்ற அமெரிக்கரின் மனைவிக்கு மூட்டுவலி. மெல்லிய உலோகப் பிடியைப் பற்றிக் காய் சீவ அவர் பட்ட சிரமத்திலிருந்து 1990இல் ஆக்ஸோ என்ற பெயரில் ஒரு தோல்சீவி பிறந்தது. தடித்த, கறுத்த, ரப்பர் போன்ற பிடி. விரல் படும் இடத்தில் மீன் செவுளைப் போல மெல்லிய மடிப்புகள், அழுத்தினால் வளைந்துகொடுக்கும். கையில் எடுத்ததும் கட்டைவிரல் தானாக அங்கே போய் உட்காரும். பயன்படுத்தும் முறை பற்றிய குறிப்பு எதுவும் தேவையில்லை. நோயாளிக்கான கருவி என்ற முத்திரையும் அதில் கிடையாது. வலி இல்லாதவர்களும் விரும்பி வாங்கினார்கள்.

யாருடைய கை, எங்கே வலிக்கிறது, எப்போது எரிச்சல் வருகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்வதுதான் அந்தக் "கதை". நிறுவனங்களில் இதற்குப் பயனர் ஆய்வு என்று பெயர்; சம்பளமும் உண்டு.

கணக்குத் துறையில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்று பிடிக்கும். 1859இல் வந்த, தோனெட் என்ற நாற்காலி நிறுவனத்தின் 14ஆம் எண் நாற்காலி, நீராவியில் வளைத்த மரத்தால் ஆனது. ஆறு துண்டுகள், பத்து ஸ்க்ரூ, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கும். அழகான அந்த வளைவுக்குள் சரக்குக் கூலிக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பாட்டியின் நினைவு, மழை வாசனை என்று உருக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கிவிடும் மாணவர்களும் உண்டு. நேர்முகத் தேர்வில் அது இரண்டு நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே மகளிடம் கதையைப் பாராட்டுவதற்கு முன், "இதைத் தெரிந்துகொண்ட பிறகு நீ செய்த மாதிரியில் எதை மாற்றினாய்?" என்று கேளுங்கள். விரலால் தொட்டு ஓர் இடத்தைக் காட்டினால் கட்டணம் வீண் போகவில்லை. காட்டத் தெரியாவிட்டால் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.

வீட்டில் கிடக்கும் உடைந்த அட்டை மாதிரிகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தேதியோடு படம் எடுத்து, ஏன் தோற்றது என்று ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள். வேலை தேடும்போது காட்டும் படைப்புத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவில் முதலில் வர வேண்டிய பக்கங்கள் அவைதான்.