புதிய ஸ்போர்ட்ஸ் காரில் முதல் மாதப் பழுதுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பல ஆண்டுச் சேமிப்பில், பின்சக்கர இயக்கம் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். இன்னும் 1,500 கி.மீ. கூட ஓடவில்லை. குளிரான காலையில் ஸ்டீயரிங்கை முழுவதுமாகத் திருப்பி வண்டியை வெளியே எடுத்தால், முன்சக்கரங்கள் தத்தித் தத்திக் குதிக்கின்றன. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வெட்டி வெட்டி இழுக்கிறது. சென்ற வாரம் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, சில நாட்களில் தானாகவே அணைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் விட்டால், "சோதித்துப் பார்த்தோம், குறை எதுவும் இல்லை" என்று திருப்பித் தருகிறார்கள். எனக்கு வந்திருப்பது குறையுள்ள வண்டிதானா?

பதில்: மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். முதலாவது பெரும்பாலும் பழுதே அன்று. வண்டி திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்ல வேண்டும். வேகமான வளைவுகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்ட முன்பக்க ஸ்டீயரிங் அமைப்பு, முழுத் திருப்பத்தில் அந்தக் கோண வேறுபாட்டை முழுமையாகத் தருவதில்லை. அதனால் ஒரு டயர் பக்கவாட்டில் இழுபட்டு, பிடியை விட்டு, மறுபடி பிடித்துக்கொள்கிறது. அகலமான, பக்கச்சுவர் குட்டையான ஸ்போர்ட்ஸ் டயர்களின் ரப்பர் குளிரில் இறுகியிருப்பதால் இந்தத் துள்ளல் கையில் நன்றாகத் தெரியும். டயர் சூடேறியதும் குறைந்துவிட்டால் கவலை வேண்டாம். சூடான பிறகும் தொடர்ந்தாலோ, நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, சக்கர அலைன்மென்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். துள்ளலுக்குப் பதில் முனகல் ஓசை பின்பக்கத்திலிருந்து வந்தால் காரணம் வேறு: கிளட்ச் தட்டுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிட்டு, ஒன்று மட்டும் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்கள், மெதுவான குறுகிய திருப்பத்தில் சற்று முனகுவது உண்டு. அந்த டிஃபரன்ஷியலில் நிறுவனம் குறிப்பிட்ட ஆயில்தான் உள்ளதா என்பதை அப்போது உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது, பழுதாகவும் இருக்கலாம், பழக்கத்தால் தீர்வதாகவும் இருக்கலாம். இரண்டு கிளட்ச்களையும் கணினியே இயக்கும் இந்த வகை கியர்பாக்ஸில் கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினி ஓட்ட ஓட்டக் கற்றுக்கொள்கிறது. புதிய வண்டியில் தட்டுகளின் உராய்வுப் பரப்பு இன்னும் முழுமையாகப் பதியாததால், கணினி வைத்திருக்கும் கணக்கும் கிளட்ச்சின் உண்மை நிலையும் சற்று விலகி நிற்கும். சர்வீஸ் சென்டரில் கணினியை இணைத்து இந்தக் கிளட்ச் அளவீட்டைப் புதிதாகக் கற்பிக்கும் செயல்முறை உண்டு. அதைச் செய்தார்களா, கியர்பாக்ஸுக்குப் புதிய மென்பொருள் வந்திருக்கிறதா என்ற இரண்டையும் கேளுங்கள். நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டுப் பாதி பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்வதையும் தவிர்த்துவிடுங்கள். கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே தேய்ந்து சூடாவது அப்படித்தான். முன்னால் போதிய இடம் கிடைக்கும்வரை நின்று, பிறகு ஒரே சீராக நகர்வது நல்லது. கியர் விழ மறுப்பதும், கியர்பாக்ஸ் வெப்ப எச்சரிக்கை வருவதும், வெட்டு நாளுக்கு நாள் கூடுவதும் உண்மையான பழுதின் அடையாளங்கள்.

மூன்றாவதைத்தான் நான் மிகவும் பொருட்படுத்துவேன். விளக்கு அணைந்துவிட்டது என்பதால் காரணம் நீங்கிவிட்டதாகப் பொருளில்லை. அதே கோளாறு அடுத்தடுத்த மூன்று ஓட்டங்களில் திரும்பத் தோன்றாவிட்டால் கணினி விளக்கை அணைத்துவிடும். ஆனால் கோளாறுக் குறியீடு ஏறக்குறைய 40 முறை இன்ஜின் குளிர்ந்து சூடாகும்வரை நினைவகத்தில் இருக்கும். குறியீட்டோடு சேர்ந்து, கோளாறு தோன்றிய கணத்தில் இன்ஜின் சுழற்சி, வெப்பம், வண்டியின் வேகம், இன்ஜின் மேல் இருந்த சுமை ஆகியவையும் பதிவாகியிருக்கும். நோய்க்கான முதல் சான்று அதுதான். யாரேனும் பேட்டரி இணைப்பைக் கழற்றிப் பூட்டினாலோ, அவசரத்தில் குறியீட்டை அழித்தாலோ, அந்தச் சான்று போய்விடும். ஆகவே உடனே ஸ்கேன் செய்யச் சொல்லி, அதன் அச்சுப் பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை நிதானமாக சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிச் செல்லலாம். விட்டுவிட்டு மின்னினால் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் வெளியேறிக் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரை உடனே தளர்த்தி, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஆயில் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் அடுத்த திருப்பம்வரை போகலாம் என்ற எண்ணமே கூடாது. அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

இனி, "குறை எதுவும் இல்லை" என்ற பதிலைப் பற்றி. பலரை மனம் சோர வைப்பது இதுதான். ஆனால் அதில் எப்போதும் அலட்சியம்தான் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் ஓட்டிச் சென்று சேர்க்கும்போது வண்டி நன்றாகச் சூடாகியிருக்கிறது. உங்கள் பழுதுகளோ குளிர்ந்த நிலையில் வருகின்றன. ஆகவே முந்தைய நாள் மாலையே வண்டியை அங்கே விட்டு, மறுநாள் காலை முதல் ஸ்டார்ட்டை டெக்னீஷியனே செய்யும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்த முதல் ஓட்டத்தில் நீங்களும் அருகில் அமர்ந்து, பழுது தோன்றும் கணத்தில் சுட்டிக்காட்டுங்கள். புகாரைப் பதியும் ஜாப் கார்டில் "கியர் சரியில்லை" என்று எழுத விடாதீர்கள். "ஆயில் சூடாகும் முன், 20 கி.மீ. வேகத்துக்குக் கீழே, பிரேக்கை விடும்போது, இரண்டிலிருந்து முதல் கியருக்கு இறங்குகையில் வெட்டுகிறது" என்று எழுதச் சொல்லுங்கள். இன்ஜின் எவ்வளவு சூடாக இருந்தது, என்ன வேகம், எந்த கியர், ஆக்சிலரேட்டர் அழுத்தப்பட்டிருந்ததா விடப்பட்டிருந்ததா, சாலை ஏற்றமா இறக்கமா என்ற விவரங்கள் இருந்தால், தேர்ந்த டெக்னீஷியன் பாதிக் காரணங்களை வண்டியைத் தொடாமலேயே நீக்கிவிடுவார். உங்கள் மாடலுக்கு நிறுவனம் அனுப்பிய தொழில்நுட்பச் சுற்றறிக்கைகளில் இந்த அறிகுறி இருக்கிறதா என்றும் கேளுங்கள். புதிய மாடல்களின் தொடக்கக் கோளாறுகளில் பல, அந்தச் சுற்றறிக்கைகளில் முன்பே விடையுடன் காத்திருக்கும். குறை இல்லை என்றே திருப்பித் தந்தாலும், புகாரும் தேதியும் கிலோமீட்டரும் எழுதப்பட்ட ஜாப் கார்டின் நகல் இல்லாமல் வெளியே வர வேண்டாம். வாரன்டி முடிந்தபின் அதே பழுது திரும்பினால், அது வாரன்டிக் காலத்திலேயே தொடங்கியது என்பதற்கு உங்களிடம் இருக்கும் வலுவான சான்று அந்தத் தாள்தான்.

குறையுள்ள வண்டியா என்ற உங்கள் கேள்விக்கு, இன்ஜின் கணினியில் பதிவான அந்தக் கோளாறுக் குறியீடு தெரியும் முன் யார் பதில் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: புதிய காரில் 2,000 கி.மீ. ஆகும் முன்பே ஆயில் குறைந்துவிட்டது என்ற செய்தி திரையில் வந்தது. இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறதா?

பதில்: கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். சிலிண்டர் சுவரில் ஆயில் தங்குவதற்கென்று நுண்ணிய குறுக்குக் கோடுகள் இழைக்கப்பட்டிருக்கின்றன. பிஸ்டன் வளையங்கள் அந்தச் சுவரோடு உரசி ஒன்றுக்கொன்று இசைந்து பதியும்வரை சிறிதளவு ஆயில் மேலேறி எரிந்துபோகும். பழக்கிவிடும் காலம் என்று ஒன்றை நிறுவனங்கள் வைத்திருப்பது இதனால்தான். போர்ஷே 911 மாடல்கள் பலவற்றின் கையேடு, முதல் 3,000 கி.மீ. வரை நிமிடத்துக்கு 4,000 சுழற்சிகளைத் தாண்ட வேண்டாம் என்கிறது. பிஎம்டபிள்யூவின் எம் வகைக் கார்களுக்கு 2,000 கி.மீ.யில் ஒரு தனி சர்வீஸே இருக்கிறது, அதில் இன்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுகிறார்கள். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணைப் பின்பற்றுங்கள். ஆனால் பலர் செய்வதுபோல் மிக மெதுவாகவே ஓட்டுவதும் தவறு. வளையங்களைச் சுவரோடு அழுத்துவது எரியும் வாயுவின் அழுத்தம். சுமையே கொடுக்காமல் ஒரே சுழற்சியில் நெடுந்தூரம் ஓட்டினால் வளையங்கள் பதியாமல் சுவர் வழவழப்பாகிவிடக்கூடும். ஆயில் நன்றாகச் சூடான பிறகு, அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் சுழற்சியை ஏற்றியும் இறக்கியும், நடுத்தரச் சுமை கொடுத்தும் ஓட்டுங்கள். குளிர்நீரின் வெப்பமுள் சரியான இடத்துக்கு வந்துவிட்டாலும் ஆயில் சூடாக மேலும் சில நிமிடங்கள் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள்.

அளக்கும் முறையும் முக்கியம். ஆயில் அளவைப் பார்க்கும் கம்பியே இல்லாத கார்கள் இன்று பல. அவற்றில் சமதளத்தில், கையேடு சொல்லும் வெப்பநிலையில் அளந்தால்தான் திரை காட்டுவது சரியாக இருக்கும். செய்தி வந்தவுடன் அளவுக்கு மேல் ஊற்றிவிடுவதும் கெடுதலே. எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றினீர்கள் என்று ரசீதோடு குறித்து வாருங்கள். பழக்கிவிடும் காலம் முடிந்தபின் இடைவெளி நீண்டுகொண்டே போக வேண்டும். சுருங்கினால், வெளிக்கசிவு இல்லை என்பதை உறுதிசெய்தபின், முறையான ஆயில் நுகர்வுச் சோதனை ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: மாதத்துக்கு ஓரிரு முறைதான் காரை எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் என்று வெவ்வேறு எச்சரிக்கைகள் வருகின்றன. சிறிது தூரம் ஓட்டியதும் மறைந்துவிடுகின்றன.

பதில்: தொடர்பில்லாத பல எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள். நிறுத்தி வைத்திருக்கும்போதும் அலாரமும் கணினிகளும் சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. மின்னழுத்தம் தாழ்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்குக் குறை சொல்லும். நிறுவனம் பரிந்துரைக்கும் பராமரிப்பு சார்ஜரை இணைத்து வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். பேட்டரி முழுமையாக இருந்தும் எச்சரிக்கைகள் வந்தால், நிறுத்தியிருக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அளக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கிய சில வாரங்களிலேயே இன்ஜினுக்குள் தட்டும் ஓசை கேட்டது. இன்ஜினையே மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். இன்ஜின் மாற்றிய வண்டியை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் இன்ஜின் மாற்றம் என்பதாலேயே அந்த வண்டியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2014இல் போர்ஷே 911 ஜிடி3 கார்களில் கனெக்டிங் ராட் (பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) போல்ட்கள் தளர்ந்து தீப்பிடிக்கும் நிலை வந்தபோது, அந்த நிறுவனம் உலகெங்கும் இருந்த 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று அறிவித்து, எல்லாவற்றிலும் இன்ஜினை மாற்றித் தந்தது. காரணம் தெளிவாகத் தெரிந்து, திருத்தப்பட்ட பாகத்துடன் செய்யப்படும் மாற்றம் நம்பத்தக்கது. நான் தயங்குவது காரணம் சொல்லப்படாத மாற்றத்துக்குத்தான். ஆகவே எது உடைந்தது, ஏன் உடைந்தது என்பதை எழுத்தில் கேளுங்கள். தொழிற்சாலையில் முழுமையாகப் பூட்டிச் சோதித்து வந்த இன்ஜினா, சர்வீஸ் சென்டரில் பிரித்துச் சேர்க்கப் போவதா என்று கேளுங்கள். முன்னதையே நான் விரும்புவேன். புதிய இன்ஜின் எண்ணைப் பதிவு ஆவணங்களில் ஏற்றுவதும், வாரன்டி எந்தத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்பதை எழுதி வாங்குவதும் உங்கள் பொறுப்பு. பழக்கிவிடும் காலத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேரிங் தேய்ந்து தட்டிய இன்ஜினிலிருந்து உலோகத் துகள்கள் ஆயிலோடு கலந்து ஆயில் கூலர், குழாய்கள், தனி ஆயில் தொட்டி இருந்தால் அது ஆகிய எல்லா இடங்களுக்கும் சென்றிருக்கும். இன்ஜினை மட்டும் மாற்றிப் பழைய கூலரையே பூட்டினால், அந்தத் துகள்கள் புதிய பேரிங்குகளைப் போய்ச் சேரக்கூடும். மாற்றப்படும் பாகங்களின் பட்டியலில் ஆயில் கூலரும் குழாய்களும் இருக்கின்றனவா என்பதைப் பார்த்த பிறகே சம்மதக் கையெழுத்துப் போடுங்கள்.