தானம் பதிவானது, பட்டா மாறவில்லை!

நிலம் தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு ஓய்வு பெற்ற பிர்கா சர்வேயர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் 4 ஏக்கர் மனைப்பிரிவு ஒன்று 2020-ல் ஒப்புதல் பெற்றது. அதில் மனை வாங்கி வீடு கட்டியிருக்கிறோம். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது கம்பிவேலி. மனை போட்டவர் காலமாகிவிட்டார். அவருடைய மகன், ‘பட்டா என் பேரில் இருக்கிறது, பாருங்கள்’ என்று காட்டுகிறார். எங்கே போய் முறையிடுவது? (வாசகர், வந்தவாசி வட்டம்)

வேலியோரம் நின்று அவரோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். காகிதத்தைத் தேடுங்கள். மனை விற்கும்போது கொடுத்த வண்ண நோட்டீஸ் எதற்கும் உதவாது. அதில் கிணற்றுக்குக்கூடப் பச்சை அடித்திருப்பார்கள். ஒப்புதல் எண்ணும் முத்திரையும் உள்ள நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தின் நகல்தான் வேண்டும்.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்ச நிலத்தில் 10 சதவீதம் பொது இடமாக ஊராட்சிக்குத் தானம் எழுதித் தர வேண்டும். உங்களுடையது 16,000 சதுர மீட்டருக்கு மேல் வருகிறது. சாலைக்குப் போக மூன்று ஏக்கர் மிஞ்சியிருந்தால் 30 சென்ட் உங்கள் பூங்கா. அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்பிக்கும் வழி இந்த அளவு நிலத்துக்குக் கிடையாது.

அப்புறம், அந்த சர்வே எண்ணுக்கு 2019 முதல் வில்லங்கம் (நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஊராட்சியின் பெயரில் தானப்பத்திரம் ஒன்று வரும் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அது பதிவாகாமல் இறுதி ஒப்புதல் தரக் கூடாது. பத்திர எண் கிடைத்ததும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டி நகல் வாங்குங்கள். ஊராட்சி எழுத்தரிடம் பத்திரம் இல்லை என்பதால் பத்திரமே இல்லை என்று ஆகிவிடாது.

கோளாறு பெரும்பாலும் இதற்கடுத்த படியில்தான் இருக்கும். தானம் பதிவாகும், பூங்கா இடத்தை உட்பிரிவு செய்து, அதாவது தனி எண்ணாகப் பிரித்து, பட்டாவை ஊராட்சி பேருக்கு மாற்ற யாரும் மனுக் கொடுக்க மாட்டார்கள். கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டில் பழைய பட்டாதாரர் பெயரே நிற்கும். அவர் காலமானதும் வாரிசுச் சான்றோடு வரும் பிள்ளையின் பேருக்குப் பட்டா மாறிவிடும். சர்வீஸில் இருந்தபோது இப்படி எத்தனையோ பூங்காக்களைப் பார்த்திருக்கிறேன். புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) ஒரு கோடு போட்டு, நான்கு கல் நட்டு, பதிவேட்டில் பெயரை மாற்றியிருந்தால் முடிந்திருக்கும்.

தானப்பத்திர நகலோடு தாசில்தாருக்கு மனுக் கொடுக்க ஊராட்சியை வலியுறுத்துங்கள். நகல் ஒன்றை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் அனுப்புங்கள். சார்பதிவாளரிடமும் எழுத்துமூலம் ஆட்சேபணை கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பட்டா வைத்திருப்பதாலேயே ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்; அப்பா தானம் கொடுத்துவிட்ட நிலம் மகனுக்கு வாரிசாக இறங்காது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்ததையே 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. உங்களுடையது அதைவிடத் தெளிவான வழக்கு.

கேள்வி: எங்கள் ஊரில் இப்போது மேய மாடே இல்லை. மேய்க்கால் புறம்போக்கில் சமுதாயக் கூடம் கட்டினால் என்ன தப்பு? (வாசகி, காங்கேயம் வட்டம்)

மாடு இல்லை, சரி. ஆடு? அரை ஏக்கர்கூட இல்லாமல் பத்து ஆடு வைத்துப் பிழைக்கிற அம்மாவிடம் கேட்டீர்களா? மழைத் தண்ணீர் அந்த மேட்டிலிருந்து எந்தக் குட்டைக்கு ஓடுகிறது என்றாவது பார்த்தீர்களா?

கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மேய்க்கால் என்ற வகைப்பாட்டை மாற்றாமல் கட்டக் கூடாது. மாற்றும்போதும் முழுப் புலத்தையும் மாற்ற விடாதீர்கள். கூடத்துக்கு 20 சென்ட் போதும் என்றால் 20 சென்ட்டை மட்டும் உட்பிரிவு செய்யச் சொல்லுங்கள். மொத்தமும், எதற்கும் ஒதுக்காத ‘அரசு தரிசு’ என்று மாறிவிட்டால், மிச்சத்தைக் கேட்டு அடுத்த வருடமே ஆள் வந்துவிடும். பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்துக் கிராமக் குளம் ஒன்றைப் பற்றிய வழக்கில், 2011 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நில ஆக்கிரமிப்புகளை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்கச் சொன்னது. நிலமற்றவர்களுக்கு அரசு கொடுத்த குத்தகை, ஏற்கெனவே இருக்கிற பள்ளி, மருந்தகம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. காலி இடம்தானே என்பது அந்த விலக்கில் சேராது.

கிராம சபையில் இதை வாய்விட்டுக் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டம் இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தீர்மானத்தில் சர்வே எண்ணும் பரப்பும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ‘மேற்படி இடம்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: எங்கள் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, நஞ்சையில் எப்படி மனை போடுகிறார்கள்? (வாசகர், மன்னார்குடி)

2020-ல் வந்த அந்தச் சட்டம் எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், தாமிர உருக்காலை போன்ற சில புதிய தொழில்களைத்தான் தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. மனைக்குத் தடை போட வேண்டியது நகர் ஊரமைப்புச் சட்டம். அந்தச் சட்டப்படி அறிவித்த திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவு வேண்டும். அந்த இசைவு ஆணையின் எண்ணைக் கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் இன்றே ஒரு மனுப் போடுங்கள்.