திருகோணமலை நிலாவெளி மணலில் மிளகாய்க் கன்று வாடுவது ஏன்?

காலையும் மாலையும் தண்ணீர் விட்டும் கன்று மத்தியானம் வாடுது, யூரியா போட்டும் இலை மஞ்சளாகவே இருக்கு என்று கேட்டிருந்தீங்கள். தண்ணீரைக் கூட்டாதீங்கோ. நனைந்த மண்ணை ஒரு பிடி பிடித்துக் கையை விரியுங்கோ. உடனே உதிர்ந்தால், தண்ணீரைப் பிடித்து வைக்கும் மக்கு (மக்கிப்போன இலை, எரு) அதில் இல்லை. மணலின் பெரிய இடுக்குகளால் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கும், கரைந்த யூரியாவும் கூடவே போய்க் கிணற்றில்தான் சேரும்.

தண்டிலிருந்து அரை அடி தள்ளி, நாலு விரல் ஆழத்தில் வட்டமாகக் கிளறி, கன்றுக்கு 2 கிலோ மக்கிய மாட்டெரு கலவுங்கோ. பச்சைச் சாணம் வேண்டவே வேண்டாம், வேர் கருகும். குறைந்தது 3 மாதம் மக்கியிருக்க வேணும்; கையில் எடுத்தால் சாண மணம் போய் மழை மண் வாசம் வரும். மேலே பூவரசங்குழையோ வைக்கோலோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கோ, தண்டில் முட்டாமல். மண்புழுவும் நுண்ணுயிரும் அந்த நிழலில்தான் பெருகும். யூரியாவைப் பாதி பாதியாகப் பிரித்துப் போடுங்கோ.

இலை நுனி கருகி, மண்ணில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது உப்பு. அப்போ முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கோ.