சின்ன இடத்தில் வேலை பார்க்கும் தாய் தகப்பனுக்கு முதலாளி என்ன செய்ய முடியும்?

பத்துப் பதினைந்து பேர் இருக்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகமெல்லாம் வைக்க முடியாதே, பிறகு எப்படி உதவுவது என்று கேட்டிருக்கிறீர்கள். காப்பகம் 50 பேர் இருந்தால்தான் சட்டப்படி கட்டாயம். நான் காரைக்குடி பக்கம் பலகாரம் செய்து விற்கிறேன், மொத்தம் 14 பேர்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். கைமுறுக்கு சுற்றுவதில் கெட்டிக்காரியான ஒரு பெண் எங்களிடம் இருந்தார். தினமும் இருபது நிமிடம் தாமதமாக வருவார், நானும் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவேன். ஒரு நாள் நின்றேவிட்டார். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு டவுன் பஸ் பிடித்தால் அந்த நேரத்துக்குத்தான் வர முடியும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. சொல்லியிருக்கலாமே என்றேன். "சொல்ற மாதிரியா அக்கா நீங்க இருந்தீங்க" என்றார்.

பிறகுதான் எந்த வேலையைப் பாதியில் விடலாம், எதை விட முடியாது என்று உட்கார்ந்து பார்த்தேன். அதிரசத்துக்குப் பாகு வைத்துவிட்டால் அசைய முடியாது, எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பவரும் அப்படித்தான். ஆனால் முறுக்கு மாவை ஈரத்துணியால் மூடிவிட்டு எழுந்து போகலாம், பொட்டலம் போடுவதைச் சாயங்காலம்கூடச் செய்யலாம். அதனால் அடுப்புக்கு எப்போதும் இரண்டு பேர். பள்ளியிலிருந்து போன் வந்தால் கரண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளை உள்ளவர்களுக்கு வேலை ஒன்பதரைக்குத் தொடங்கும்.

நாங்கள் இருப்பது பழைய வீடு, அடுப்பெல்லாம் பின்கட்டில். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் முகப்பில் உட்கார்ந்து எழுதுவார்கள், வளவை, அதாவது நடு முற்றத்தை, தாண்டி உள்ளே வரக்கூடாது. அதில் மட்டும் நான் கண்டிப்பு.

பிரசவ விடுப்புக்குப் பயப்படாதீர்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமானது, முதல் இரண்டு பிள்ளைகளுக்கு. ஆட்களை இஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் பதிந்து ஒழுங்காகச் சந்தா கட்டியிருந்தால் அந்தச் சம்பளத்தை இஎஸ்ஐயே தருகிறது. தனியார் வேலையில் அப்பாக்களுக்குத்தான் சட்டப்படி எதுவும் இல்லை. எங்கள் வண்டி ஓட்டும் தம்பி ஒரு புதன்கிழமை, பிள்ளைக்குத் தடுப்பூசி போட அரை நாள் கேட்டபோது "வீட்ல பொம்பள இல்லையா" என்று சிரித்தார்கள். இனி யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்று அங்கேயே சொல்லிவிட்டு, சம்பளத்தோடு அனுப்பினேன். இதைச் செய்யாமல் வேறு எதைச் செய்தாலும் பெண்கள்கூட வாய் திறந்து கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்களுக்கும் பிள்ளை இல்லாதவர்களுக்கும் ஒரு மனக்குறை வரும், அது நியாயமானதும்கூட. தீபாவளி நேரத்து ராத்திரி வேலை அவர்கள் தலையில்தானே விழுகிறது? அதற்கு ஒன்றரை மடங்கு கூலி தருகிறேன், பொங்கலுக்கு விடுப்பு கேட்கும்போது அவர்களுக்குத்தான் முதல் உரிமை.

ஆவணி பிறந்ததும் முகப்பில் காலண்டரை மாட்டி, யாருக்கு எந்த நாள் வர முடியாது என்று அவரவரையே குறிக்கச் சொல்வேன். முதல் வருடம் யாரும் பேனாவையே தொடவில்லை. என் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்த நாளை நான் எழுதினேன், அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள்.