அப்பா கேட்ட லாரிக் கேள்வி

அன்புள்ள ஐயா,

போன மாதம் இங்கே ஒரு பல்கலைக்கழக இயற்பியல் துறை பொதுமக்களுக்காக நடத்தும் ஆராய்ச்சி உரைக்கு அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். ஈர்ப்பு அலைகளைப் பற்றிய உரை, பாதிக்கு மேல் ஆங்கிலம். அப்பா நெல் விவசாயி, எட்டாவது வரை படித்தவர். கடைசியில் எழுந்து, "இத்தனை சின்ன ஆட்டத்தை அளக்குறீங்களே, ரோட்டுல லாரி போனா கருவி ஆடாதா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை முடித்துவிட்டார்கள். "இது நமக்கான இடம் இல்லம்மா" என்றார் அப்பா, பஸ்ஸில் வரும்போது. இந்த உரைகளால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன்?

வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

அன்றைக்கு அந்த அரங்கில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை உங்கள் அப்பாதான் கேட்டிருக்கிறார். இதை முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். விண்வெளியே நெளிந்து பரவும் ஈர்ப்பு அலைகளை அளக்கும் லிகோ கருவியைக் கட்டியவர்கள் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது அந்த லாரியோடுதான். 4 கிலோமீட்டர் நீளக் குழாயில், ஒரு புரோட்டானின் குறுக்களவில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளம் மாறினாலும் தெரிய வேண்டும். லாரி எதற்கு, எங்கோ கரையில் கடல் மோதுவதே அதற்குப் பெரிய ஆட்டம்.

என்ன செய்தார்கள்? வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தூக்குச்சட்டியில் பாதி தண்ணீர் ஊற்றி, நீளமான கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை மெதுவாக ஆட்டினால் சட்டியும் கூடவே ஆடும். கையைப் படபடவென்று நடுக்கிப் பாருங்கள், சட்டி ஏறக்குறைய அப்படியே நிற்கும். நடுக்கம் கயிற்றைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. லிகோவில் 40 கிலோ எடையுள்ள கண்ணாடியை இப்படித்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக நான்கு அடுக்கு. கடைசி அடுக்கில் கயிறுகூடக் கண்ணாடி இழைதான்.

அப்படியும் ஏதாவது ஆடத்தான் செய்யும். அதனால்தான் ஒன்றுக்கு இரண்டாக, அமெரிக்காவின் ஹான்ஃபோர்டிலும் லிவிங்ஸ்டனிலும் வைத்தார்கள். இடையே சுமார் 3000 கிலோமீட்டர். 2015 செப்டம்பர் 14 அன்று ஒரே வடிவ அதிர்வு இரண்டிலும் பதிவானது, சுமார் 7 மில்லிசெகண்ட் இடைவெளியில். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 10 மில்லிசெகண்ட் ஆகும்; ஒளி வேகத்தில் சாய்வாக வரும் அலைக்கு இடைவெளி அதற்குள்தான் இருக்கும். எந்த லாரியால் இது முடியும்? சூரியனைப் போல் சுமார் 30 மடங்கு கனமான இரண்டு கருந்துளைகள் மோதிய அதிர்வு அது.

நமக்கான இடம் இல்லை என்று அப்பா சொன்னது எனக்கு வலிக்கிறது. திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் மிருதங்கத்தை ஆராய்ந்தவர். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையில் நுண்ணிய மணலைத் தூவி, தட்டும்போது மணல் எங்கே போய்ச் சேருகிறது என்று பார்த்தார். சாதாரணத் தோலில் கலைந்து வரும் அதிர்வுகளை, நடுவில் வைத்த 'சோறு' என்னும் கருப்புப் பூச்சு சுருதிக்குள் இழுத்து நிறுத்துகிறது என்று காட்டினார். தஞ்சாவூரில் சோறு வைப்பவர்களின் கைக்குத் தெரிந்திருந்த விஷயம் அது.

உரை நடத்துகிறவர்களுக்கும் ஒன்று: தமிழில் பேசுங்கள், பாதி நேரத்தைக் கேள்விக்கு விடுங்கள். எட்டாவது படித்தவர் எழுந்தால் மைக்கை அவர் கையில் கொடுங்கள்.

சரி, அப்பாவிடம் தூக்குச்சட்டியைக் காட்டிவிட்டு, அவர் அடுத்து என்ன கேட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.